கொங்ஸ்ஃபியோர்டன்

கொங்ஸ்ஃபியோர்டன் என்பது ஆர்க்டிக் பெருங்கடலில், நோர்வேயின் ஆட்சிக்கு உட்பட்ட சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் அமைந்துள்ள ஒரு ஃபியோர்டு ஆகும். இது அத்தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையில், ஏறத்தாழ 79 பாகை வட அகலாங்கில் உள்ளது. கடலில் முடிவடையும் பல பனியாறுகள் இதில் வந்து கலக்கின்றன. இதன் தென்கரையில் உள்ள நீ-ஓலசுண்ட் என்னும் சிற்றூரில் இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி 2008ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் பங்களிப்புடன் உருவாக்கப்பட்ட இண்டார்க் என்னும் கடலடிக் கருவித் தொகுதி 2014இல் இந்த ஃபியோர்டில் நிறுவப்பட்டது. கோடைக்காலத்தில் பனியாறுகளைக் காண வரும் பயணக் கப்பல்களின் முதன்மையான வழித்தடங்களுள் ஒன்றாகவும் இது விளங்குகிறது.

பெயர்

நோர்வே மொழியில் 'கொங்' என்பது அரசனைக் குறிக்கும். எனவே கொங்ஸ்ஃபியோர்டன் என்பதற்கு 'அரசனின் ஃபியோர்டு' என்பது பொருளாகும். ஒலிப்பில் கொங்கு நாட்டின் பெயரை நினைவூட்டினாலும் இவ்விரு பெயர்களுக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இல்லை. இப்பகுதியின் பனியாற்றுப் பெயர்களின் ஈற்றில் வரும் 'ப்ரேன்' என்பது நோர்வே மொழியில் பனியாற்றைக் குறிக்கும் சொல்லாகும்.

ஃபியோர்டு உருவாகும் முறை

மலைச்சரிவுகளில் ஆண்டுதோறும் விழும் பனி, கோடையில் முழுவதும் உருகாமல் எஞ்சினால், அது அடுக்கடுக்காகச் சேர்கிறது. மேலடுக்குகளின் எடையால் கீழடுக்குகளில் உள்ள காற்று வெளியேற்றப்பட்டு, பனி இறுகிப் பனிக்கட்டியாக மாறுகிறது. போதிய தடிப்பை அடைந்த பனிக்கட்டி தன் எடையாலேயே சரிவு நோக்கி மெதுவாக நகரத் தொடங்குகிறது. இவ்வாறு நகரும் பனிக்கட்டித் திரளே பனியாறு எனப்படுகிறது.

பனியாறு தன்னுடன் பாறைத் துண்டுகளையும் இழுத்துச் செல்வதால், அது அரத்தைப் போலச் செயல்பட்டுப் பள்ளத்தாக்கின் அடியையும் பக்கங்களையும் தேய்க்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பவானி, சிறுவாணி போன்ற ஆறுகள் அரித்த பள்ளத்தாக்குகள் பொதுவாக அடியில் குறுகி மேலே விரிந்து காணப்படும். மாறாக, பனியாறு குடைந்த பள்ளத்தாக்குகள் அகன்ற அடிப்பகுதியையும் செங்குத்தான பக்கங்களையும் கொண்டு, ஒரு தொட்டியைப் போல அமைந்திருக்கும். பனியாறு பின்வாங்கிய பின் இத்தகைய பள்ளத்தாக்கினுள் கடல்நீர் புகுந்தால் அது ஃபியோர்டு ஆகிறது.

புவியியல்

கொங்ஸ்ஃபியோர்டன் ஏறத்தாழ 20 கி.மீ. நீளமும், இடத்துக்கு இடம் 4 முதல் 10 கி.மீ. வரை அகலமும் கொண்டது. இதன் வடக்கே உள்ள குரோஸ்ஃபியோர்டனும் இதுவும் ஒரே முகத்துவாரத்தின் வழியாகக் கடலுடன் இணைகின்றன. ஃபியோர்டின் வெளிப்பகுதி ஆழமானது. பனியாறுகளை ஒட்டிய உட்பகுதி 100 மீட்டருக்கும் குறைவான ஆழமுடையது.

பல ஃபியோர்டுகளின் வாயிலில் பனியாறு விட்டுச் சென்ற மண்ணும் பாறையும் சேர்ந்து கடலடியில் ஒரு வரம்பைப் போல நிற்கும். அவ்வரம்பு வெளிக்கடல் நீர் உள்ளே வருவதைத் தடுக்கும். கொங்ஸ்ஃபியோர்டனின் வாயிலில் அத்தகைய உயர்ந்த வரம்பு இல்லை. இதனால் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வடக்கு நோக்கி வரும் மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டத்தின் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர் எளிதில் உள்ளே நுழைகிறது. ஒரு புறம் அட்லாண்டிக் நீரும், மறுபுறம் பனியாறுகளிலிருந்து வரும் குளிர்ந்த நன்னீரும் சந்திக்கும் இடமாக இருப்பதால், காலநிலை மாற்றத்தை அளந்தறிய இது மிகவும் ஏற்ற இடமாகக் கருதப்படுகிறது.

ஃபியோர்டின் கிழக்கே ஸ்வேயா, நூரா, டானா என்னும் மூன்று கூரிய சிகரங்கள் பனிப்பரப்புக்கு மேலே எழுந்து நிற்கின்றன. இவை முறையே சுவீடன், நோர்வே, டென்மார்க் ஆகிய நாடுகளைக் குறிப்பவை. இம்மூன்றும் சேர்த்து 'மூன்று மகுடங்கள்' என அழைக்கப்படுகின்றன.

காலநிலை

நீ-ஓலசுண்டில் ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதி முதல் ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதில்லை. ஆண்டின் மிக வெப்பமான மாதமான ஜூலையின் சராசரி வெப்பநிலை 5 முதல் 6 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். கோடையில் இரவே இல்லாததால் துருவ ஒளியையோ விண்மீன்களையோ அப்போது காண இயலாது. துருவ ஒளியைக் காண விரும்புவோர் இருள் உள்ள மாதங்களிலேயே செல்ல வேண்டும்.

பனியாறுகள்

குரூனெப்ரேன், கொங்ஸ்வேகன், கொங்ஸ்ப்ரேன், கான்வேப்ரேன், புளோம்ஸ்ட்ரான்ப்ரேன் ஆகியவை இந்த ஃபியோர்டில் முடிவடையும் குறிப்பிடத்தக்க பனியாறுகளாகும். இவற்றுள் குரூனெப்ரேன் சுவால்பார்டின் மிக விரைவாக நகரும் பனியாறுகளுள் ஒன்று. அதற்கு அடுத்தே உள்ள கொங்ஸ்வேகன் மிக மெதுவாக நகர்கிறது. கொங்ஸ்வேகன் போன்ற சில பனியாறுகள் பல பத்தாண்டுகள் அமைதியாக இருந்து, பின்னர் திடீரெனச் சில ஆண்டுகள் விரைந்து முன்னேறும் இயல்புடையவை. கொங்ஸ்வேகன் கடைசியாக 1940களின் இறுதியில் இவ்வாறு முன்னேறியது.

கடலை எட்டாமல் நிலத்திலேயே முடியும் பனியாறுகளும் நீ-ஓலசுண்டுக்கு அருகே உள்ளன. அவற்றுள் ஆஸ்ட்ரே பிரொக்கர்ப்ரேன், மிட்ரே லோவன்ப்ரேன் ஆகிய இரண்டின் பனி வரவு-செலவு 1960களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் அளக்கப்பட்டு வருகிறது. ஆர்க்டிக் பகுதியில் மிக நீண்ட காலம் தொடர்ந்து அளக்கப்பட்டு வரும் பனியாறுகளுள் இவையும் அடங்கும். குளிர்காலத்தில் சேரும் பனியை வரவாகவும், கோடையில் உருகும் பனியை செலவாகவும் கொண்டு இக்கணக்கு எழுதப்படுகிறது. பனியாற்றில் துளையிட்டு நடப்பட்ட கோல்கள் கோடையில் எவ்வளவு வெளியே தெரிகின்றன என்பதைக் கொண்டு உருகிய பனியின் அளவு கணிக்கப்படுகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் இப்பனியாறுகளின் கணக்கு பற்றாக்குறையிலேயே முடிந்துள்ளது.

பனி உடைந்து விழுதல்

கடலில் முடிவடையும் பனியாற்றின் முகப்பிலிருந்து பெரும் பனித்துண்டுகள் உடைந்து நீரில் விழுகின்றன. ஐரோப்பிய மொழிகளில் இந்நிகழ்வு பசு கன்று ஈனுவதற்கு ஒப்பிட்டுக் 'கன்றீனல்' என்று அழைக்கப்படுகிறது. பனியாறு முன்னோக்கித் தள்ளுவது, கடல்நீர் முகப்பின் அடியை உருக்கிக் குடைவது, பனியில் உள்ள வெடிப்புகளில் உருகுநீர் இறங்குவது ஆகியவை இதற்கு முதன்மையான காரணங்களாகும்.

நீரில் மிதக்கும் பனித்துண்டின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே வெளியே தெரியும். தெளிந்த பழைய பனிக்கட்டி நீல நிறமாகத் தோன்றுவதற்கு, அது ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்வதே காரணமாகும். காற்றுக்குமிழ்கள் மிகுந்த பனிக்கட்டி வெண்மையாகத் தெரியும். பல நூற்றாண்டுகளாக அடைபட்டிருந்த காற்றுக்குமிழ்கள் பனி உருகும்போது வெடித்து வெளியேறுவதால், மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஓசை இடைவிடாமல் கேட்கும்.

பனியாற்றின் அடியில் ஓடிவரும் உருகுநீர், தேய்ந்த பாறைத்தூளைச் சுமந்து வருவதால் முகப்பை ஒட்டிய கடல் செம்பழுப்பாகக் காணப்படும். இந்நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அது அடியிலிருந்து மேலெழும்போது ஆழத்தில் உள்ள நுண்ணுயிரினங்களையும் மேலே கொண்டு வருகிறது. அவற்றை உண்பதற்காகவே கடற்பறவைகள் பெருங்கூட்டமாகப் பனிமுகப்பை மொய்க்கின்றன. கடல்நாய்களும் அங்கே இரை தேடுகின்றன. பனியாறு நிலத்துக்குள் பின்வாங்கிவிட்டால் இந்த உணவு வழங்கலும் நின்றுவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

1596ஆம் ஆண்டு ஒல்லாந்தைச் சேர்ந்த வில்லெம் பாரெண்ட்ஸ் ஸ்பிட்ஸ்பெர்கனைக் கண்டார். அடுத்த நூற்றாண்டில் பல ஐரோப்பிய நாட்டினர் இக்கடலில் திமிங்கில வேட்டையில் ஈடுபட்டனர். இதனால் இங்கிருந்த திமிங்கிலங்கள் ஏறத்தாழ அற்றுப்போயின.

பளிங்குச் சுரங்கம்

ஃபியோர்டின் நடுவே உள்ள புளோம்ஸ்ட்ரான் நிலப்பகுதியில் 1911இல் எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் பளிங்குக் கல் வெட்டும் பணியைத் தொடங்கினார். உறைபனியால் அக்கல்லில் நுண்ணிய வெடிப்புகள் ஏற்பட்டிருந்ததால், வெட்டியெடுத்த கற்கள் நொறுங்கின. முயற்சி தோல்வியில் முடிந்தது. அப்போது விடப்பட்ட நீராவிக் கொதிகலன்களும் பாரந்தூக்கிகளும் இன்றும் அங்கே துருப்பிடித்துக் கிடக்கின்றன.

நிலக்கரியும் 1962ஆம் ஆண்டு விபத்தும்

நீ-ஓலசுண்ட் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊராகத் தோன்றியது. நோர்வேயின் ஓலசுண்ட் நகரைச் சேர்ந்த கிங்ஸ் பே என்னும் நிறுவனம் 1916இல் நிறுவப்பட்டு, 1917இல் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியது. 1929இல் நிறுத்தப்பட்ட சுரங்கப் பணி இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் நடைபெற்றது. 1962ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 21 பேர் இறந்தனர். சுரங்கப் பாதுகாப்பில் அரசு காட்டிய கவனக்குறைவு குறித்து எழுந்த எதிர்ப்பால், 1963இல் நோர்வேயில் அய்னார் கெர்ஹார்ட்சன் தலைமையிலான அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்தது. சுரங்கம் அத்துடன் மூடப்பட்டது. 1960களின் பிற்பகுதியிலிருந்து இவ்வூர் படிப்படியாக ஆய்வு நகராக மாறியது.

வட துருவப் பறப்புகள்

1926ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் ரோவால் அமுண்ட்சென், அம்பர்ட்டோ நோபிலே, லிங்கன் எல்ஸ்வொர்த் ஆகியோரைக் கொண்ட 'நோர்கே' என்னும் வான்கப்பல் இங்கிருந்து புறப்பட்டு, மறுநாள் வட துருவத்தைக் கடந்து அலாஸ்காவைச் சென்றடைந்தது. அவ்வான்கப்பலைக் கட்டி நிறுத்திய இரும்புக் கம்பம் இன்றும் ஊருக்கு வெளியே நிற்கிறது.

சுவால்பார்டு உடன்படிக்கையும் இந்தியாவும்

1920ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் பாரிசில் கையெழுத்திடப்பட்ட சுவால்பார்டு உடன்படிக்கை, இத்தீவுக்கூட்டத்தின் மீதான முழு ஆளுமையை நோர்வேக்கு வழங்கியது. அதே வேளை, உடன்படிக்கையில் இணைந்த நாடுகளின் குடிமக்கள் அனைவருக்கும் இங்கே தங்கவும் தொழில் செய்யவும் சம உரிமை அளிக்கப்பட்டது. போர் நோக்கங்களுக்கு இத்தீவுகளைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. உடன்படிக்கை 1925இல் நடைமுறைக்கு வந்தது.

அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த இந்தியாவின் சார்பிலும் இதில் கையெழுத்திடப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் இந்தியா இதன் உறுப்பு நாடாகத் தொடர்கிறது. இதனால் சுவால்பார்டில் தங்க இந்தியர்களுக்குத் தனி நுழைவிசைவு தேவையில்லை. ஆயினும் வழக்கமான வழி நோர்வேயின் பெருநிலப்பகுதி ஊடாகவே செல்வதால், நடைமுறையில் ஷெங்கன் நுழைவிசைவு இன்றியமையாதது. சுவால்பார்டு ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருப்பதால், அங்கிருந்து திரும்புவது மீண்டும் ஷெங்கன் பகுதிக்குள் நுழைவதாகவே கொள்ளப்படும். எனவே ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் நுழைவிசைவைப் பெற வேண்டும்.

இந்திய ஆய்வுப் பணிகள்

ஹிமாத்ரி

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐந்து அறிவியலாளர்களைக் கொண்ட முதல் இந்திய ஆர்க்டிக் ஆய்வுக் குழு நீ-ஓலசுண்டுக்குச் சென்றது. 2008ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இதனை நிர்வகிக்கிறது. பனியாறுகளின் பனி வரவு-செலவு, வளிமண்டலத் தூசுத்துகள்கள், ஃபியோர்டின் நீரும் வண்டலும், நுண்ணுயிர்கள் ஆகியவை இங்கே ஆராயப்படுகின்றன. பழைய சுரங்கத் தொழிலாளர் குளியலறைக் கட்டடமான குருவெபாடெட்டில் அமைந்த வளிமண்டல ஆய்வகத்திலும் இந்தியக் கருவிகள் நிறுவப்பட்டுள்ளன.

2013இல் ஆர்க்டிக் மன்றத்தில் இந்தியா பார்வையாளர் தகுதி பெற்றது. 2022 மார்ச்சில் இந்திய அரசு தன் ஆர்க்டிக் கொள்கையை வெளியிட்டது. தொடக்கத்தில் கோடையை மையமாகக் கொண்டிருந்த ஆய்வுப் பயணங்கள் விரிவாக்கப்பட்டு, 2023 டிசம்பரில் முதல் குளிர்கால ஆய்வுக் குழு அனுப்பப்பட்டது.

இண்டார்க்

2014ஆம் ஆண்டு ஜூலை மாதம், நோர்வே துருவ ஆய்வுக் கழகத்தின் 'லான்சு' என்னும் கப்பலிலிருந்து இண்டார்க் கருவித் தொகுதி கொங்ஸ்ஃபியோர்டனில் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்டது. இந்தியா ஆர்க்டிக் பகுதியில் நிறுவிய முதல் கடலடிக் கண்காணிப்பு அமைப்பு இதுவாகும். சென்னை பள்ளிக்கரணையில் அமைந்துள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் இதன் உருவாக்கத்தில் பங்கேற்றது.

இத்தகைய அமைப்பு எளிய கொள்கையின் அடிப்படையில் இயங்குவது. கடலடியில் ஒரு கனமான நங்கூரம் இருக்கும். அதிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் கயிற்றை, நீருக்குள்ளேயே நிற்கும் மிதவைகள் இழுத்து நிமிர்த்தி வைக்கும். கயிற்றில் வெவ்வேறு ஆழங்களில் பொருத்தப்பட்ட உணரிகள் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் முதலியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்யும். மிதவைகள் நீர்மட்டத்துக்கு மேலே வராததால் மிதக்கும் பனிக்கட்டிகளாலும் கப்பல்களாலும் சேதம் ஏற்படுவது பெருமளவு தவிர்க்கப்படுகிறது. கருவிகளை எடுக்கும் காலம் வரும்போது கப்பலிலிருந்து நீருக்குள் ஓர் ஒலிச் சைகை அனுப்பப்படும். அதைக் கேட்டதும் நங்கூரத்துக்கு மேலே உள்ள கொக்கி திறந்துகொள்ள, கருவிகள் மிதவைகளுடன் மேலே வரும். தரவுகளை எடுத்து, மின்கலங்களை மாற்றி, மீண்டும் நிறுவுவர். மனிதர் எளிதில் பணியாற்ற இயலாத இருண்ட குளிர்காலத்தின் தரவுகளும் இவ்வாறு கிடைப்பதே இதன் தனிச்சிறப்பாகும்.

நீருக்கடியில் எழும் ஒலிகளையும் சென்னைக் கழகத்தின் ஆய்வாளர்கள் இங்கே பதிவு செய்து ஆராய்ந்துள்ளனர். பனித்துண்டுகள் வெடிக்கும் ஓசையைக் கடலின் பிற ஓசைகளிலிருந்து பிரித்தறிவது இவ்வாய்வுகளின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

கோடைக்காலக் கப்பல் பயணம்

சுவால்பார்டின் நிர்வாகத் தலைநகரான லாங்இயர்பியனுக்கு ஆஸ்லோவிலிருந்தும் டிரொம்சோவிலிருந்தும் வானூர்திகள் உள்ளன. அங்குள்ள வானூர்தி நிலையம் 1975இல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்து செல்வோர் தில்லி அல்லது மும்பை போன்ற நகரங்கள் வழியாக ஐரோப்பா சென்று, அங்கிருந்து ஆஸ்லோவை அடைய வேண்டும். கோயம்புத்தூருக்கும் நீ-ஓலசுண்டுக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவு ஏறத்தாழ 8,300 கி.மீ. ஆகும். நீ-ஓலசுண்டிலிருந்து வட துருவம் சுமார் 1,230 கி.மீ. தொலைவில் உள்ளது.

தேட்டப் பயணக் கப்பல்கள் பொதுவாக மே மாத இறுதி முதல் செப்டெம்பர் வரை இயங்குகின்றன. இவற்றுள் பல, ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையையும் வடக்குக் கரையையும் ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் சுற்றி வருகின்றன. உல்லாசக் கப்பல்களைப் போலத் துறைமுகம் விட்டுத் துறைமுகம் செல்லும் நிலையான பயணத் திட்டம் இவற்றுக்கு இல்லை. நோர்வே வானிலைக் கழகம் வெளியிடும் கடற்பனி வரைபடத்தையும், காற்றையும், மூடுபனியையும் பார்த்தே கப்பல் தலைவர் அடுத்து எங்கே செல்வது என்று முடிவு செய்வார். பயணிகள் காற்றடைத்த ரப்பர் படகுகளில் ஏறிக் கரைக்கோ, பனியாற்றின் முகப்புக்கு எதிரேயோ அழைத்துச் செல்லப்படுவர்.

தரையிறங்குமுன் காலணிகள் துலக்கப்படுகின்றன. பிற நாட்டு விதைகள் இங்கே பரவாமல் தடுப்பதே இதன் நோக்கம். கரையில் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் முன்னும் பின்னும் காவல் வருவர். துருவக் கரடி எவ்விடத்திலும் எதிர்ப்படலாம் என்பதே இதற்குக் காரணம்.

நீ-ஓலசுண்டில் இறங்கும் பயணிகள் குறிக்கப்பட்ட சாலைகளிலேயே நடக்க வேண்டும். சாலையோரத்திலேயே கூடு கட்டும் ஆர்க்டிக் ஆலாக்கள், அருகே வருவோரின் தலையைக் கொத்தவும் தயங்குவதில்லை. ஹிமாத்ரி உள்ளிட்ட ஆய்வு நிலையங்களை வெளியிலிருந்து பார்க்கலாம். ஊரிலிருந்து 20 கி.மீ. தொலைவுக்குள் கம்பியில்லாக் கருவிகளை இயக்குவதற்குக் கட்டுப்பாடு உள்ளதால், கைபேசியின் வைஃபை, புளூடூத் வசதிகளை அணைத்துவிட வேண்டும். தொலைதூர விண்பொருட்களின் மெல்லிய வானொலி அலைகளைக் கொண்டு புவியின் சுழற்சியை அளக்கும் வானொலித் தொலைநோக்கிகள் இங்கே இயங்குவதே இதற்குக் காரணமாகும்.

இடர்கள்

பனியாற்றின் முகப்பு அமைதியாகத் தோன்றினாலும் எவ்வித முன்னறிவிப்புமின்றி உடைந்து விழக்கூடியது. விழும் பனியும், அதனால் எழும் அலையும், நீருக்கடியிலிருந்து திடீரென மேலெழும் பனித்துண்டுகளும் ஆபத்தானவை. 2007 ஆகஸ்டில் தெற்கு ஸ்பிட்ஸ்பெர்கனில் உள்ள ஹோர்ன்ப்ரேன் பனியாற்றை நெருங்கிச் சென்ற பயணக் கப்பல் ஒன்றில், உடைந்து விழுந்த பனியால் பயணிகள் பலர் காயமடைந்தனர். 2018 ஜூலையில் வடக்கே உள்ள ஒரு தீவில், பயணக் கப்பலின் கரடிக் காவலர் ஒருவரைத் துருவக் கரடி தாக்கியது. அக்கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. கரடி தன் வாழிடத்தில் இருந்தபோது மனிதரே அங்கு சென்றனர் என்பதால் இந்நிகழ்வு உலகெங்கும் கடும் விமரிசனத்துக்கு உள்ளானது.

கடல்நீர் உறைநிலைக்கு அருகில் இருப்பதால், படகிலிருந்து தவறி விழுபவர் சில நிமிடங்களிலேயே கைகால்களை இயக்கும் வலுவை இழப்பார். பெரிய மருத்துவமனைகள் நோர்வேயின் பெருநிலப்பகுதியிலேயே உள்ளதால், மருத்துவ மீட்புக்கான காப்பீடு இன்றியமையாதது.

விதிமுறைகள்

- 2002இல் நடைமுறைக்கு வந்த சுவால்பார்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 1946ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் அனைத்தும் பாதுகாக்கப்பட்டவை. துருப்பிடித்த ஆணியைக்கூட எடுத்துச் செல்லலாகாது.
- 2007 முதல் ஒவ்வொரு பயணியிடமும் பயணச்சீட்டுடன் சேர்த்துச் சுற்றுச்சூழல் கட்டணம் பெறப்படுகிறது.
- 2017இல் துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.
- 2022 சனவரி முதல் சுவால்பார்டின் ஆட்சிக்கடல் முழுவதும் கப்பல்கள் கன எரிநெய்யைப் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் தடை விதிக்கப்பட்டுள்ளது.
- 2025 சனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல்கள் செல்ல இயலாது. அப்பகுதிகளில் குறிக்கப்பட்ட 43 இடங்களில் மட்டுமே தரையிறங்கலாம்.
- துருவக் கரடியிடமிருந்து 300 மீட்டர் தொலைவும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் தொலைவும் காக்க வேண்டும்.

காலநிலை மாற்றம்

1979க்குப் பின் ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளதாக 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. வெண்மையான கடற்பனி சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பனி உருகியதும் வெளிப்படும் கருநிறக் கடல் அவ்வொளியை உறிஞ்சிக்கொண்டு மேலும் சூடாகும். இச்சுழற்சி ஆர்க்டிக் வெப்பமாதலை விரைவுபடுத்தும் காரணங்களுள் ஒன்றாகும்.

கொங்ஸ்ஃபியோர்டனின் உட்பகுதி முன்பு பெரும்பாலான குளிர்காலங்களில் உறைந்து கிடந்தது. 2006ஆம் ஆண்டையொட்டி அட்லாண்டிக் நீர் குளிர்காலத்திலும் மிகுதியாக உள்ளே வரத் தொடங்கியது. அதன்பின் உறையும் பரப்பும் காலமும் பெரிதும் குறைந்தன. பனியின் மேல் குட்டி ஈனும் கடல்நாய்களையும், அவற்றை வேட்டையாடும் துருவக் கரடிகளையும் இது நேரடியாகப் பாதிக்கிறது.

மான்ஸ்ஃபீல்டு பளிங்கு வெட்டிய புளோம்ஸ்ட்ரான் நிலப்பகுதி நெடுங்காலம் ஒரு தீபகற்பமாகவே கருதப்பட்டது. அதன் நோர்வே மொழிப் பெயரும் 'புளோம்ஸ்ட்ரான் தீபகற்பம்' என்றே பொருள்படும். 1990களில் அதனை ஸ்பிட்ஸ்பெர்கனுடன் இணைத்திருந்த பனியாறு பின்வாங்கியபோது, இடையே கடல் இருப்பதும் அது ஒரு தீவு என்பதும் தெரிய வந்தன. பெயர் மட்டும் மாறவில்லை.

2024ஆம் ஆண்டுக் கோடையில் சுவால்பார்டில் முன்னெப்போதும் பதிவாகாத அளவு வெப்பம் நிலவியது. அந்த ஒரே கோடையில் தீவுக்கூட்டத்தின் மொத்தப் பனியில் ஏறத்தாழ 1 விழுக்காடு உருகியது. ஏற்கெனவே கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை. நிலத்தின் மேல் உள்ள பனியாறுகள் உருகிக் கடலில் சேரும்போது கடல்மட்டம் உயர்கிறது. நீண்ட கடற்கரையைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

கொங்கு நாட்டுடனான தொடர்பு

மழை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த கோயம்புத்தூர்ச் சமவெளி, தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைக் குறைவாகவே நேரடியாகப் பெறுகிறது. ஆயினும் அதன் குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஆதாரமான சிறுவாணி, பவானி, ஆழியாறு ஆகியவை மலைமீது பெய்யும் பருவமழையையே நம்பியுள்ளன. ஆகவே பருவக்காற்றில் ஏற்படும் எம்மாற்றமும் இப்பகுதியைப் பாதிக்கும். ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும், இந்தியாவின் மையப்பகுதியில் செப்டெம்பர் மாதத்தில் பெய்யும் மிகு கனமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று, கோவா மையத்தின் அறிவியலாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2021இல் தெரிவித்தது. பருவக்காற்றைப் பல காரணிகள் தீர்மானிப்பதால், ஆர்க்டிக் பனியின் பங்கு எவ்வளவு என்பது தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது.

பறவைகள்

யூரேசியாவின் ஆர்க்டிக் துந்த்ராவில் கோடையில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான், பேதை உள்ளான் போன்ற கரைப்பறவைகள் குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்கு வலசை வருகின்றன. நொய்யல் ஆற்றைச் சார்ந்த கோயம்புத்தூர்க் குளங்களும், ஈரோட்டுக்கு அருகே உள்ள வெள்ளோடு பறவைகள் சரணாலயமும், திருப்பூரின் நஞ்சராயன் குளமும் கொங்கு நாட்டில் வலசைப் பறவைகள் தங்கும் இடங்களாகும். வெள்ளோடு 2022இலும், நஞ்சராயன் குளம் 2024இலும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. எனவே துந்த்ராவில் ஏற்படும் மாற்றத்தின் விளைவைக் காண ஆர்க்டிக் வரை செல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் குளக்கரையில் எடுக்கப்படும் பறவைக் கணக்கெடுப்பும் அதனை அறிய உதவும்.

சுற்றுலா குறித்த விவாதம்

சுவால்பார்டின் பொருளாதாரம் நெடுங்காலம் நிலக்கரியைச் சார்ந்திருந்தது. லாங்இயர்பியனில் இயங்கிய நோர்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2025இல் மூடப்பட்டது. இந்நிலையில் சுற்றுலாவும் ஆராய்ச்சியும் அங்கு வாழ்வோரின் முதன்மையான வாழ்வாதாரங்களாகியுள்ளன.

பனியாறுகள் மறைவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்னும் எண்ணமே பலரை இங்கு அழைத்து வருகிறது. ஆனால் அதற்கான நெடுந்தொலைவு வானூர்திப் பயணமும் கப்பற்பயணமும் வெளியிடும் கரியமில வாயு, அப்பனியாறுகளின் அழிவை விரைவுபடுத்தும் காரணங்களுள் ஒன்றாகிறது. கண்ணால் கண்டவர்கள் பனியாறுகளைக் காக்கக் குரல் கொடுப்பர் என்பது பயண நிறுவனங்களின் வாதம். வருவோரின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டும் என்பது மறுதரப்பினரின் வாதம். 2025இல் நடைமுறைக்கு வந்த விதிகள் பயணத்தைத் தடை செய்யாமல், கப்பலின் அளவையும் இறங்கும் இடங்களையும் கட்டுப்படுத்தும் இடைவழியைத் தேர்ந்துள்ளன.

இவற்றையும் பார்க்க

- ஆர்க்டிக் பெருங்கடல்
- சுவால்பார்டு
- பனியாறு
- துருவக் கரடி
- தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம்
- தென்மேற்குப் பருவக்காற்று